சீர் வண்டியும் பக்கத்து ஷோரூமும்

காரை எந்த ஊரில் எடுப்பது என்று எனக்கும் என் சம்பந்திக்கும் நடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சண்டை என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடிப்பதாக இருந்தாலும் ஒரு ‘ங்க’ போட்டுத்தான் பிடிப்போம். நிச்சயதார்த்தச் சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, நாங்கள் இருவரும் அரை மணி நேரம் சிரித்துச் சிரித்து மல்லுக்கட்டினோம்.

மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லை. “உங்க பொண்ணுக்கு நீங்க பார்த்துச் செய்யறதுதானுங்க” என்று மட்டும் சொன்னார் சம்பந்தி சிவசுப்பிரமணியம். இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் பெண்ணைப் பெற்றவன் எவனும் இந்தப் பக்கத்தில் கிடையாது. அவருக்கு வெள்ளகோவிலில் எண்ணெய் மில், கொப்பரை காயவைக்கிற களம், ஒரே பையன் தரணீதரன். எனக்குத் திருப்பூர் வேலம்பாளையத்தில் காஜா பட்டன் யூனிட். கம்பெனிகளில் தைத்த டி-ஷர்ட் மூட்டை மூட்டையாக வரும். நாங்கள் பட்டன் ஓட்டை போட்டு, பட்டன் வைத்துத் திருப்பி அனுப்புவோம். கீழே மிஷின், மேலே வீடு, ஒரே பொண்ணு சுபஸ்ரீ. கார் ஒன்றைச் சீராகக் கொடுத்துவிடலாம் என்று நானே முடிவு செய்தேன். அல்லது முடிவு செய்ய வைத்தார்கள். அதை இப்போது கிளறி என்ன ஆகப் போகிறது.

“காங்கேயத்துலயே ஒரு ஷோரூம் இருக்குதுங்க” என்றார் சம்பந்தி. “எங்க ஊட்டுல இருந்து இருவது கிலோமீட்டர்தானுங்க. அங்கயே எடுத்துட்டா நாளைக்கு சர்வீஸ், அது இதுன்னா பக்கமுங்க.”

“அவிநாசி ரோட்டுலயும் ஒண்ணு இருக்குதுங்க சம்பந்தி. எங்க ஊட்டுல இருந்து பத்தே நிமிசம். எனக்கு அதுதானுங்க பக்கம்.”

“வண்டி ஓடறது எங்க ஊர்லீங்களே.”

“வாங்கறது நானுங்களே.”

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரி இந்துமதி மட்டும் பின்னாலிருந்து என் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள். எனக்கு ரோஷம் ஏறிவிட்டால் கிள்ளு எல்லாம் உறைக்காது. திருப்பூர் ஷோரூம் என்றால் திருப்பூர் ஷோரூம்தான் என்று உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அவரே, “சரிங்க, உங்க பிரியமுங்க” என்று வெற்றிலையை மடித்தார்.

இத்தனை பிடிவாதத்துக்கும் உள்ளே ஒரு காரணம் இருந்தது. இந்துவிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் செக்கிங்கில் தப்பு என்று ஒதுக்குகிற பீஸ் எல்லாம் தைத்தவனுக்கேதான் திரும்பி வரும். அவன் பிரித்துத் தைத்துக் கொடுக்க வேண்டும், அடுத்தவன் தொடமாட்டான். முப்பது வருஷமாக அதிலேயே ஊறிக் கிடந்தவனுக்குக் காரும் அப்படித்தான் தோன்றியது. விற்றவன்தானே சர்வீஸ் பார்ப்பான்? திருப்பூரில் எடுத்தால் வண்டி திருப்பூருக்கு வந்துதானே ஆக வேண்டும்? வண்டி வந்தால் அதில் என் பொண்ணும் வருவாள். என் தங்கச்சியைக் குன்னத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, தீபாவளிக்கு ஒருமுறை பொங்கலுக்கு ஒருமுறை பார்த்தே எங்கள் அப்பா காலத்தை ஓட்டினார். நான் அந்த மாதிரி ஏமாறப் போவதில்லை என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஷோரூமில் ஆஷா என்ற பெண் எனக்கு எல்லாம் விளக்கினாள். ஒரு மாதத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று, வருஷத்தில் ஒன்று என்று மூன்று ஃப்ரீ சர்வீஸ். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

“ஒரு சர்வீசுக்கு எத்தனை நேரம் ஆகுமுங்க?” என்று கேட்டேன்.

“வெடியால விட்டீங்கன்னா சாயங்காலம் எடுத்துக்கலாமுங்க சார். அவசரம்னா சொல்லுங்க, மத்தியானமே முடிச்சுக் குடுத்தர்றோம்.”

“அதெல்லாம் வேண்டாம் கண்ணு. மெதுவாவே பண்ணுங்க.”

அந்தப் பெண் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, என் செல் நம்பரை எழுதிக்கொண்டாள். வண்டி சுபஸ்ரீ பெயரில், நம்பர் என்னுடையது. சர்வீஸ் தேதி வந்தால் எனக்கு மெசேஜ் வரும் என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே, பொண்ணு எப்போது திரும்பி வருவாள் என்று தேதி போட்டு வாங்கிக்கொண்டு வந்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

முதல் சர்வீசுக்கு மாப்பிள்ளையும் பொண்ணும் சேர்ந்தே வந்தார்கள். ஒறம்பரை, விருந்தாளி வந்த மாதிரி நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தோம். மாப்பிள்ளை நல்ல பையன். அதிகம் பேச மாட்டார். ஒரு மணிக்கு ஒருமுறை அவர் அம்மா போன் செய்வார்கள், வெளியே போய்ப் பேசிவிட்டு வருவார். சாயங்காலம் வண்டி வந்ததும் கிளம்பிவிட்டார்கள்.

இரண்டாவது சர்வீசுக்கு சுபஸ்ரீ மட்டும் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளைக்கு மில்லில் வேலையாம். வண்டியை ஷோரூமில் விட்டுவிட்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “அம்மா, சோறு இருக்குதுங்களா?” என்றாள். சாப்பிட்டாள். பிறகு ஹாலில் பாயைக்கூட விரிக்காமல் வெறும் தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து எழுவாள் எழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. கீழே காஜா மிஷின் பத்தும் தடதடவென்று ஓடுகிறது, அவள் அசையவில்லை.

“என்ன இது, பேசறதுக்கு வந்தாளா, தூங்கறதுக்கு வந்தாளா?” என்று இந்துவிடம் எரிந்து விழுந்தேன்.

“சத்தம் போடாதீங்க. தூங்கட்டும்.”

“அங்க தூங்கறதில்லையா?”

“பகல்ல படுக்கக்கூடாதாமுங்க. வெடியால நாலு மணிக்கு எந்திரிக்கோணுமாம். ராத்திரி எல்லாருக்கும் போட்டு, ஏனம் கழுவிட்டுப் படுக்கோணுமாம்.”

“கல்யாணம் ஆன புதுசுல எல்லாருக்கும் இருக்கறதுதான். அனுசரிச்சுப் போகச் சொல்லு.”

நான் சொன்னது இதுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவள் அவள். வெளிநாட்டுக்காரனிடம் போனில் இங்கிலீஷில் வாதாடுவாள், என்னைவிட வாய் நீளம். அவள் தூங்கி எழுந்து, முகம் கழுவி, தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டு, “நேரமாச்சுங்கப்பா, அத்தை கேப்பாங்க” என்று கிளம்பும்போது ஆள் வேறு மாதிரி இருந்தாள். அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, எல்லாம் போகப் போகச் சரியாகும் என்று கீழே போய் வேலையைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் வண்டிக்கு அடிக்கடி ஏதாவது வர ஆரம்பித்தது. ஒரு மாதம் வைப்பர் சத்தம் போடுகிறது என்று வந்தாள். அடுத்த மாதம் ஏசியில் ஏதோ வாசம் வருகிறது என்றாள். பிறகு பிரேக் போட்டால் இடது பக்கம் கீச்சென்கிறது, கதவு இறுக்கமாகச் சாத்துகிறது, சீட் பெல்ட் மடங்குகிறது. ஒவ்வொரு தடவையும் வந்து, சாப்பிட்டு, தூங்கிவிட்டுப் போனாள். ஒரு நாள் எழுந்ததும், “இந்த மிஷின் சத்தத்துலதானுங்கம்மா நல்லாத் தூக்கம் வருது” என்று சிரித்தாள். எனக்கோ வயிறு எரிந்தது. பார்த்துப் பார்த்து எடுத்த வண்டி, அத்தனை கோளாறா! ஷோரூம்காரன் மட்டமான வண்டியை என் தலையில் கட்டிவிட்டான் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போன பிறகு ஒரு நாள் காலையில் சம்பந்தி போன் செய்தார். நலம் விசாரித்தார், மழை விசாரித்தார், ஆர்டர் எல்லாம் எப்படி என்று விசாரித்தார். பிறகுதான் ஆரம்பித்தார்.

“ஒண்ணுமில்லீங்க சம்பந்தி. நீங்க குடுத்த வண்டி அடிக்கடி தொந்தரவு குடுக்குதுங்க. மாசமானா பொண்ணு திருப்பூருக்கு அலையுது. யார் பேர்ல இருக்குதோ அவங்களே வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஷோரூம்ல வண்டிய எடுப்பாங்களாமா. இல்லாட்டி நம்ம டிரைவரையே அனுப்பிப் போடுவனுங்க. நான் அன்னிக்கே காங்கேயம்னு சொன்னேன். சரி, போகட்டுமுங்க. உங்களக் குத்தமாச் சொல்லலீங்க.”

குற்றமாகச் சொல்லவில்லையாம்! நான் கொடுத்த சீர் மட்டம் என்று இதைவிட மரியாதையாக எப்படிச் சொல்வது? ஊரெல்லாம் பார்க்கத் தேங்காய் உடைத்து, மாலை போட்டு நிறுத்திய வண்டி. எனக்குக் காதெல்லாம் சுட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு நேராக ஷோரூமுக்குப் போனேன்.

சர்வீஸ் பார்க்கிற அருண்பாண்டி தெற்கத்திப் பையன். நான் கத்தின கத்தலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். அவன் மட்டும் பொறுமையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“சார், கோவிச்சுக்கிடாதீங்க. வண்டி தங்கமான வண்டி. அக்கா ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்லுவாக. நாங்களும் ஓட்டிப் பாப்போம், ஒரு சத்தமும் இருக்காது. கழுவித் தொடச்சுக் குடுத்து விட்டுருவோம்.”

“பொய் சொல்றியா? அப்பறம் எதுக்கு அத்தன தூரத்துல இருந்து வந்துட்டு இருக்கறா?”

“அதத்தான் சார் நானும் யோசிப்பேன். காங்கேயத்துலயே விடலாம்ல? எங்க வாங்குனா என்ன, நம்ம கம்பெனி சர்வீஸ் எந்த ஊர்லயும் பாப்பாக.”

“கையெழுத்து?”

“யாரு சொன்னா? டிரைவர் கொண்டாந்து விட்டாலும் போதும் சார்.”

அந்த இடத்தில் மண்டையில் கொஞ்சமாவது ஏதாவது இருக்கிறவன் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருப்பான். எனக்கு அத்தனையிலும் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: வண்டியில் கோளாறு இல்லை. நான் கொடுத்த சீரில் குறை இல்லை. ஷோரூம் வாசலிலேயே, வெயிலில் நின்றுகொண்டு, சம்பந்திக்குப் போன் போட்டேன்.

“சம்பந்தி, நேர்ல வந்து விசாரிச்சுட்டனுங்க. வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. தங்கமான வண்டிங்கறாங்க. பொண்ணு சின்னப் புள்ளையாட்டம் எதோ பயந்துட்டு ஓடி வந்துருக்குதுங்க. கையெழுத்தெல்லாம் ஒண்ணும் வேண்டாமாமா. அடுத்த தடவை நீங்க காங்கேயத்துலயே டிரைவர்கிட்டக் குடுத்து விட்டுருங்க. உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?”

அவர், “அப்படீங்களா… அப்படீங்களா சம்பந்தி. நெம்ப சந்தோசமுங்க” என்றார். நான் மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்து சட்டைகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். நான் நடந்ததைப் பெருமையாகச் சொல்லச் சொல்ல அவள் கை நின்றுவிட்டது. கத்தரியைக் கீழே வைத்தாள்.

“சம்பந்திகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“பின்ன? நம்ம சீரு மட்டம்னு பேச விட்டுருவனா?”

“ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு ரெண்டும் எதுக்குங்க இருக்குது? மாசமாசம் ஒருத்தி வந்து பொணமாட்டத் தூங்கிட்டுப் போறா. அவ வைப்பர் சத்தத்துக்கா வந்தா?”

“உனக்குத் தெரியுமா? அப்பவே என்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“அவளும் சொல்லல, நானும் கேக்கல. பெத்தவளுக்குத் தெரியாதுங்களா? அவளுக்கு இருந்ததே அந்த ஒரு சாக்கு. அதையும் போன் போட்டுக் கெடுத்துட்டு வந்து நிக்கறீங்களே.” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். மறுபடி போன் போட்டு, ‘இல்லீங்க சம்பந்தி, நான் தப்பாச் சொல்லிட்டேன், வண்டி மோசம்தானுங்க’ என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்படிச் சொன்னால் அங்கே அவள் பாடு இன்னும் கஷ்டமாகும் என்று இந்து தடுத்துவிட்டாள்.

அந்த மாதம் சுபஸ்ரீ வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. போன் செய்தால் அத்தை எடுத்து, “குளிக்குதுங்க”, “கோயிலுக்குப் போயிருக்குதுங்க” என்பார்கள். அவளே பேசினால், “நல்லா இருக்கறனுங்கப்பா, வெச்சர்றனுங்க” என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாள். சர்வீஸ் தேதி நெருங்க நெருங்க நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மெசேஜ் வந்தது. உங்கள் வாகனத்தின் சர்வீஸ் முடிந்தது, எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. காங்கேயம் கிளை.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி வெள்ளகோவில் போனேன்.

“வாங்க வாங்க! சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க, ஏதாச்சும் விசேசமுங்களா?” என்று எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார் சம்பந்தி. அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லாம் அவ்வளவு மரியாதை.

“விசேசமெல்லாம் இல்லீங்க. சும்மா பொண்ணப் பார்த்துட்டுப் போலாம்னு.”

“சும்மாவுங்களா!” என்று சிரித்தார். சம்பந்தியம்மாவும் சிரித்தார்கள். சுபஸ்ரீ காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கும்போது அவள் கையைப் பார்த்தேன். விரலெல்லாம் வெடித்திருந்தது. ‘நல்லா இருக்கறயா கண்ணு’ என்று கேட்டேன். ‘இருக்கறனுங்கப்பா’ என்றாள். அத்தைக்கும் கேட்கும்படியாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“இந்துவுக்கு ஒடம்பு கொஞ்சம் சொகமில்லீங்க. பொண்ண ரெண்டு நாள் அனுப்பி வெச்சா…” என்று இழுத்தேன்.

“அதுக்கென்னங்க, தாராளமா அனுப்பறோமுங்க. பையனுக்கு மில்லுல வேலை கொறையட்டும். இல்லாட்டி உங்க பக்கம் ஏதாச்சும் விசேசம்னாச் சொல்லுங்க, குடும்பத்தோட வந்தர்றோம்” என்றார் சம்பந்தி. டயரில் காற்று சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போர்ட்டிகோவுக்கு வந்தேன். வண்டி துடைத்து வைத்த மாதிரி நின்றது. பின்னாலேயே சுபஸ்ரீ தண்ணீர்ச் சொம்போடு வந்தாள்.

“கண்ணு, அப்பன் வாய் கெட்ட வாய். மன்னிச்சுக்கோ சாமி” என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

“வண்டியில ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியாதுங்களாப்பா?” குரலைத் தாழ்த்திப் பேசினாள். “எங்க வேணும்னாலும் விடலாம்னு மொத சர்வீஸ்லயே ஷோரூம்ல அந்த அண்ணன் சொல்லீட்டாரு. நாந்தான் திருப்பூர்லதான் விடோணும், நானேதான் போகோணும்னு இங்க சொல்லி வெச்சிருந்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு.”

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? இங்க வந்து சண்டை போட்டிருப்பீங்க. இல்லாட்டி அனுசரிச்சுப் போன்னு சொல்லியிருப்பீங்க. எனக்கு ரெண்டுமே வேண்டாமுங்க. மாசத்துக்கு ஒரு நாள் வந்து தூங்கிட்டுப் போனாப் போதும்னு இருந்தேன்.”

“சாவி எங்க? எடு. இப்பவே ஏறு, போலாம்” என்றேன்.

“அத்தைகிட்ட என்னன்னு சொல்றதுங்க?”

வாயைத் திறந்தேன். கம்பெனி மேனேஜரை, லாரிக்காரனை, கரண்ட் ஆபீஸ்காரனை எல்லாம் நிற்க வைத்துக் கேள்வி கேட்ட வாய் இது. ஒன்றும் வரவில்லை. உள்ளேயிருந்து சம்பந்தியின் குரல் வந்தது: “சம்பந்தி, மத்தியானம் சாப்பிட்டுத்தானுங்க போகோணும்!”

“இல்லீங்க, யூனிட்ல மிஷின் ஓடீட்டு இருக்குதுங்க. இன்னொரு நாளைக்கு வர்றனுங்க” என்று பதில் சொன்னேன். அது மட்டும் தடங்கல் இல்லாமல் வந்தது. அவள் பக்கம் திரும்பி, “என்ன காரணம் சொல்றதுன்னு யோசிச்சுச் சொல்றேன் கண்ணு” என்றேன்.

“சரிங்கப்பா” என்றாள் சுபஸ்ரீ. சொம்போடு உள்ளே போனாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காங்கேயத்தைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. ‘எம் பொண்ணு, நான் கூட்டீட்டுப் போறனுங்க’ என்று சொல்லியிருந்தால் போதும், அதற்கு மேல் ஒரு காரணமும் வேண்டியதில்லை. அடுத்த நிறுத்தத்தில் நாலு பேர் இறங்கினார்கள். நானும் இறங்கி எதிர் பஸ் ஏறியிருக்கலாம். இறங்கவில்லை.